நள்ளிரவில் அந்தப் பெட்டி யாரோடு பேசுகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டு இணையத்தைக் கண்காணிப்பது கடமையா, அத்துமீறலா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, கடமை என்றார். அவருக்குப் பின் பேசிய நண்பர், அத்துமீறல் என்றார். இருவரும் அழகாகப் பேசினார்கள். ஆனால் இருவருடைய பேச்சிலும் குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரே ஓர் ஆள்தான். பதின்ம வயதுப் பிள்ளை! அவன் என்ன பார்க்கிறான், அவள் யாரோடு பேசுகிறாள், இரவு எத்தனை மணி வரை விழித்திருக்கிறாள்... வேறு யாருமே அந்த வீட்டில் இணையத்தைப் பயன்படுத்துவதில்லை என்பதுபோல் இருந்தது.

வீடுகளுக்குச் சென்று இணைய இணைப்புகளைச் சரிபார்ப்பது என்னுடைய தொழில். ஆகவே நான் கொஞ்சம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு நான்கறை வீவக வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு கைத்தொலைபேசி. பள்ளிக்கூடத்துக் கணினி இரண்டு, அலுவலகக் கணினி ஒன்று. கூடத்தில் தொலைக்காட்சி. அதன் அடியில் தமிழ்ப் படம் பார்க்க வாங்கிய சின்னக் கறுப்புப் பெட்டி. பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்காணிப்புக் கேமரா. தரையைக் கூட்டும் வட்ட இயந்திரம். அச்சு இயந்திரம். பணிப்பெண்ணின் கைத்தொலைபேசி. அறை வாடகைக்கு விட்டிருந்தால் வாடகைக்கு இருப்பவரின் கருவிகள் வேறு. கணக்குப் போட்டால் சுலபமாகப் பதினைந்தைத் தாண்டிவிடும். இவற்றுள் சிலவற்றை மனிதர்கள் யாரும் தொடுவதே இல்லை. அவை தாமாகவே வெளியுலகத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், முதலில் கண்காணிக்க வேண்டியது அவற்றைத்தான்.

இணையப் போக்குவரத்து என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து வெளியே போகும் எதுவும் ரவுட்டர் என்ற அந்தப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். கொண்டோமினியம் வாசலில் நிற்கும் காவலாளியைப் போன்றது அது. யார் வெளியே போகிறார், எந்தத் திசையில் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார், கையில் இருப்பது சிறிய பையா, பெரிய மூட்டையா என்பது காவலாளிக்குத் தெரியும். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

முன்பு அதுவும் தெரிந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் பெரும்பாலான இணையத்தளங்கள் அஞ்சல் அட்டைபோல் திறந்த நிலையில்தான் பயணம் செய்தன. வழியில் நிற்பவர் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2013ஆம் ஆண்டில் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு அமைப்பின் வேலைகளை அம்பலப்படுத்திய பிறகு நிலைமை வேகமாக மாறியது. 2015ஆம் ஆண்டு இறுதியிலிருந்து, தளத்தை நடத்துபவர்களுக்கு மறையாக்கச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கியது. இன்று இணையத்தளங்களில் மிகப் பெரும்பாலானவை உறையிட்டு ஒட்டிய கடிதங்களாகவே போகின்றன. வாட்ஸ்அப் செய்திகள் 2016 ஏப்ரல் முதல் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடியவையாக உள்ளன.

இதனால் என்ன? உங்கள் மகன் நேற்று யூடியூப்பில் இரண்டு மணி நேரம் இருந்தான் என்று ரவுட்டர் சொல்லும். கணிதப் பாடம் பார்த்தானா, கத்திச் சண்டை பார்த்தானா என்று சொல்லாது. "எங்கள் கருவியை வாங்குங்கள், உங்கள் பிள்ளை இணையத்தில் செய்வது அத்தனையும் உங்கள் கண்முன் தெரியும்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அவர்கள் ஒன்று மிகைப்படுத்துகிறார்கள், அல்லது உறையைப் பிரித்துப் படிக்கும் காரியத்தைச் செய்கிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வருவோம்.

நம்மவர் வீடுகளில் அது இல்லாத கூடம் குறைவு. ஒரு தடவை பணம் கொடுத்தால் போதும், மாதக் கட்டணம் இல்லை, ஊரிலுள்ள எல்லா ஒளிவழிகளும் வரும் என்று சொல்லி விற்கிறார்கள். பதிப்புரிமைக் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். அதைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அந்தப் பெட்டியை விற்றவர் லாபம் வைத்துத்தான் விற்றிருப்பார். ஆனால் அதற்குள்ளே மென்பொருளைப் போட்டவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது யோசித்தோமா?

2025 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பேட்பாக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயர். மலிவான ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிப் பெட்டிகள், படம் காட்டும் கருவிகள், மின்னிலக்கப் புகைப்படச் சட்டங்கள் போன்றவற்றில் தீய மென்பொருள் புகுத்தப்பட்டிருப்பதாக அது சொன்னது. சில கருவிகளில், கடைக்கு வருவதற்கு முன்பே அந்த மென்பொருள் உள்ளே இருக்கிறது. வேறு சிலவற்றில், நாம் முதன்முதலாகச் செருகி, கேட்கும் செயலிகளையெல்லாம் இறக்கும்போது உள்ளே வருகிறது. அடுத்த மாதமே கூகல் நிறுவனம் இதை நடத்துவோர்மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பாதிக்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை 10 மில்லியனுக்கு மேல் என்று அது கூறியது. அதற்கு முன்பே, 2024 டிசம்பரில், ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பு அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 30,000 கருவிகளின் பேச்சைத் துண்டித்தது. பேச்சைத் துண்டித்தது என்றால், அந்தக் கருவிகள் தங்கள் எசமானனைத் தேடிப் போகும் வழியை மறித்து வேறு பக்கம் திருப்பிவிட்டது என்று பொருள்.

சரி, அந்தப் பெட்டி என்ன திருடுகிறது? என் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று பாட்டி கேட்பார். அது உங்கள் நகையைத் திருடவில்லை பாட்டி, உங்கள் முகவரியைத் திருடுகிறது.

ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு. வங்கிகளும் கடைகளும் அந்த எண்ணைப் பார்த்துத்தான், இது சாதாரணக் குடும்பம், இது சந்தேகத்துக்குரிய இடம் என்று தரம் பிரிக்கின்றன. ஆகவே மோசடிக்காரனுக்கு ஒரு நல்ல குடும்பத்தின் முகவரி தேவை. அவன் வேறு எங்கோ உட்கார்ந்துகொண்டு, உங்கள் பெட்டி வழியாகப் புகுந்து, உங்கள் வாசல் வழியாக வெளியேறி, வங்கிக் கதவைத் தட்டுகிறான். வங்கியின் பதிவேட்டில் உங்கள் வீட்டு எண் விழுகிறது. இந்த வழியை மொத்தமாக விலைக்கு விற்பதற்கென்றே ஒரு வியாபாரம் நடக்கிறது.

இது எங்கோ தூரத்தில் நடப்பது என்று எண்ண வேண்டாம். 2024 மே 24ஆம் தேதி, இந்த வியாபாரத்தை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட சீன நாட்டவர் ஒருவர் கைது செய்யப்பட்டது நம் சிங்கப்பூரில்தான். 911 எஸ்5 என்ற அந்த வலையமைப்பில் ஏறக்குறைய 200 நாடுகளைச் சேர்ந்த 19 மில்லியனுக்கு மேற்பட்ட ஐபி முகவரிகள் இருந்ததாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. அவற்றை வாடகைக்கு விட்டு ஏறத்தாழ 99 மில்லியன் அமெரிக்க டாலர் ஈட்டப்பட்டதாகவும் அது கூறியது. கொள்ளைநோய்க் காலத்தில் வேலையிழந்தோருக்கு அமெரிக்க அரசு வழங்கிய உதவித் தொகையில் மட்டும் 5.9 பில்லியன் டாலருக்கு மேல் இந்த முகவரிகளின் மறைவில் சுருட்டப்பட்டதாம். அத்தனையும் யாரோ ஒரு குடும்பத்தின் இணைப்பு வழியாக!

அந்த 19 மில்லியன் முகவரிகளும் எப்படி அவர் கைக்குப் போயின தெரியுமா? இலவச விபிஎன் செயலிகள் வழியாகவும் திருட்டு மென்பொருள்கள் வழியாகவும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கண்காணித்தால் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும், அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். படம் பார்க்கும் பெட்டி, உள்ளே வாங்குவது அதிகம், வெளியே அனுப்புவது மிகக் குறைவு. நல்ல தெளிவான படம் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ 3 கிகாபைட் உள்ளே வரும். வெளியே போவது அதில் மிகச் சிறு பங்குதான். ஆகவே, தொலைக்காட்சி அணைந்திருக்கும் நேரத்தில், எல்லாரும் தூங்கும் நேரத்தில், அந்தப் பெட்டி மூட்டை மூட்டையாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால், அது வேறு யாருக்கோ வேலை செய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஈசூனில் ஒரு வீட்டில், இணையம் மெதுவாக இருக்கிறது, எல்லாம் மகனின் கணினி விளையாட்டால்தான் என்று தந்தை கடிந்துகொண்டிருந்தார். ரவுட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். மகனின் கணினி மூன்றாவது இடத்தில் இருந்தது. முதலிடத்தில் கூடத்துப் பெட்டி. அந்த வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் அனைத்தும் சேர்ந்து அனுப்பியதைவிட அது ஒன்றே அதிகம் அனுப்பியிருந்தது. பெட்டியைக் கழற்றியதும் இணையம் சீரானது. மகன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது!

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, வெளியே அனுப்பும் எல்லாவற்றையும் திருடன் என்று பிடிக்கக் கூடாது. கண்காணிப்புக் கேமரா படத்தைச் சேமிப்புக் கணினிக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அது அதன் வேலை. கைத்தொலைபேசிகள் இரவில் மின்னூட்டத்தில் இருக்கும்போது, பகலில் எடுத்த புகைப்படங்களை மொத்தமாக அனுப்பும். தீபாவளி முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் அந்த எண்ணிக்கை மலைபோல் ஏறும். வழக்கம் என்ன என்பது தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது எது என்பது தெரியும். அதனால்தான் இரண்டு மூன்று வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள் என்று நான் சொல்வது வழக்கம்.

தொலைக்காட்சி நிலையத்தில் நின்றுகொண்டு தொலைக்காட்சியைக் குறை சொல்வது நெறியாளருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முறையாக வாங்கிய பெயர் பெற்ற தொலைக்காட்சியும் பேசும். 2017 பிப்ரவரியில் விசியோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் 2.2 மில்லியன் டாலர் கட்ட நேர்ந்தது. 11 மில்லியன் தொலைக்காட்சிப் பெட்டிகள் வழியாக, திரையில் ஓடுவது என்ன என்பதை நொடிக்கு நொடி, பார்ப்பவரின் அனுமதி பெறாமல் சேகரித்ததாக அந்நாட்டு வாணிப ஆணையம் குற்றம் சாட்டியிருந்தது. இப்போது பல தொலைக்காட்சிகளில் இதை அணைக்கும் வசதி அமைப்புகளுக்குள்ளே எங்கோ இருக்கிறது. தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 அக்டோபரில் இங்கு வெளிவந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். வீடுகளில் பொருத்தப்பட்ட கேமராக்களில் ஊடுருவி, எடுத்த காட்சிகளை ஆபாசத் தளங்களில் ஏற்றியிருந்தார்கள். அவற்றில் சிங்கப்பூர் வீடுகளும் இருந்தன. உடை மாற்றும் பெண்கள், பால் கொடுக்கும் தாய்மார், பிள்ளைகள். 50,000க்கு மேற்பட்ட கேமராக்கள் தங்கள் கையில் இருப்பதாக அந்தக் கும்பல் பெருமையடித்துக்கொண்டது. இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ரவுட்டரில் உட்கார்ந்து போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இத்தகைய ஊடுருவல் கண்ணில் படாமலே போகலாம். கேமரா வழக்கம்போல் சேமிப்புக் கணினிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். களவாணி அங்கே உங்கள் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்து பார்த்துக்கொண்டிருப்பான். இதற்குக் கண்காணிப்பு மருந்தல்ல. கடவுச்சொல்லை மாற்றுவதும், இரண்டாவது சரிபார்ப்பு முறையைப் போடுவதும், படுக்கையறையில் கேமரா வைக்காமல் இருப்பதும்தான் மருந்து. 2016 அக்டோபரில் மிராய் என்ற தீய மென்பொருள் அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களையே முடக்கியதே, அதற்குக் கிடைத்த ஆயுதமும் இதுதான். தயாரிப்பாளர் போட்டுக் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்ட கேமராக்களும் ரவுட்டர்களும். அந்த மென்பொருள் வைத்திருந்த பட்டியலில் ஏறத்தாழ 60 இணைகள்தான். அறுபது சாவிகளில் உலகமே திறந்தது.

காவலாளியே களவாணியாகிவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 2018 மே மாதத்தில் விபிஎன்ஃபில்டர் என்ற தீய மென்பொருள் 54 நாடுகளில் குறைந்தது 500,000 ரவுட்டர்களிலும் அதுபோன்ற கருவிகளிலும் புகுந்திருப்பதாக சிஸ்கோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு கூறியது. எல்லாரும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று எஃப்பிஐ கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் வீட்டு ரவுட்டர்களுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகள் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற கதை அங்கே செல்லாது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் வாங்கியது இன்னும் உங்கள் அலமாரிமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், இந்த விதி அதற்குப் பொருந்தாது. மற்ற எதையும் செய்வதற்கு முன் அதை மாற்றுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? இப்போது பெரும்பாலான ரவுட்டர்களுக்குக் கைத்தொலைபேசிச் செயலி உண்டு. அதில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்கி, குடும்பமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டுங்கள். "அம்மா தொலைபேசி", "கூடத்துத் தொலைக்காட்சி" என்று. பெயர் தெரியாத ஒன்று மிஞ்சும். பதற வேண்டாம். 2020 முதல் ஐபோன்களும் அதற்குச் சற்று முன்பிருந்தே ஆண்ட்ராய்டு தொலைபேசிகளும், தங்கள் உண்மையான அடையாள எண்ணை மறைத்துப் பொய் எண்ணோடு வருகின்றன. வெளியிடங்களில் யாரும் நம்மைப் பின்தொடராமல் இருக்க அது நல்லது. வீட்டில் அது தலைவலி. போன மாதம் பெயர் சூட்டிய தொலைபேசியே இந்த மாதம் அந்நியனாக வந்து நிற்கலாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். பெட்டி, கேமரா, கூட்டும் இயந்திரம் ஆகியவற்றை விருந்தினர் இணைப்பில் தனியே விடுங்கள். திண்ணையில் உட்கார வைத்து உபசரிப்பதுபோல. கணினிகள் இருக்கும் கூடத்துக்குள் அவை வர வேண்டிய தேவை இல்லை.

கொஞ்சம் ஆர்வமுள்ள இளையர்கள், பை-ஹோல் என்ற இலவச மென்பொருளை ஒரு சின்னக் கணினியில் போட்டு, வீட்டுக் கருவிகள் எந்தெந்தத் தளத்தின் பெயரைக் கேட்கின்றன என்று பார்க்கலாம். ஒரு தளத்துக்குப் போவதற்கு முன் கருவி அதன் முகவரியைக் கேட்கும். அந்தக் கேள்விக்கு டிஎன்எஸ் என்று பெயர். இந்தக் கேள்வி சாதாரணமானது என்று எண்ணாதீர்கள். 2024 செப்டம்பரில் அண்டை நாடான மலேசியாவில், கூகல், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிநாட்டு டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளை உள்நாட்டுக்கே திருப்பிவிடும்படி அந்நாட்டு ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சூதாட்டத் தளங்களையும் மோசடித் தளங்களையும் தடுக்கத்தான் என்றார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே அமைச்சர் தலையிட்டு அதை நிறுத்திவைத்தார். ஏன் அத்தனை கொதிப்பு? ஒருவர் எந்தெந்தத் தளங்களின் பெயரைக் கேட்டார் என்ற பட்டியல் கையில் இருந்தால் போதும். உள்ளே என்ன படித்தார் என்று தெரியவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் நான் சகோதரியின் கருத்திலிருந்து விலகுகிறேன். பிள்ளைக்குத் தெரியாமல் பார்ப்பதே சிறந்தது, தெரிந்தால் மறைத்துவிடுவான் என்றார் அவர். அரசாங்கம் நம் பட்டியலைப் பார்க்கக் கூடாது என்று கொதிக்கிறோம். அதே பட்டியலை வீட்டுக்குள் ஒருவர் மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்க்கலாமா? அந்தப் பட்டியலில் என்னவெல்லாம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மார்பகக் கட்டி பற்றி யாருக்கும் சொல்லாமல் தேடிய தாய். கடன் ஆலோசனைத் தளத்தைத் திறந்த தந்தை. பணிப்பெண், ஓய்வு நாளில் ஊரிலுள்ள தன் பிள்ளையின் நோயைப் பற்றித் தேடியிருப்பார். கணவனிடம் அடி வாங்கும் ஒரு பெண், உதவி எண்ணைத் தேடியிருப்பாள். ரவுட்டரின் சாவி அந்தக் கணவன் கையில் இருக்கிறது. எந்த மணிக்கு, எந்த உதவி அமைப்பின் தளத்தை அவள் திறந்தாள் என்று அவனுக்குத் தெரிந்தால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும்? கண்காணிப்பு என்று சொல்லும்போது, கண்காணிப்பவர் எப்போதும் நல்லவர் என்று நாமாகவே வைத்துக்கொள்கிறோம்.

இன்னும் ஒரு படி மேலே போய், பிறருடைய கைத்தொலைபேசியில் அவருக்குத் தெரியாமல் உளவுச் செயலியைப் போடுவோர் இருக்கிறார்கள். கணவனோ மனைவியோ ஆனாலும், அனுமதியின்றி இன்னொருவருடைய கருவிக்குள் நுழைவது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் போய் நிற்கக்கூடிய காரியம். பெற்றோர் பிள்ளைக்குப் போடுவது வேறுதான். ஆனால் போடும் செயலி யாருடையது? 2018ஆம் ஆண்டில் டீன்சேஃப் என்ற கண்காணிப்புச் செயலியின் சேமிப்புக் கணினி பூட்டப்படாமல் திறந்து கிடந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குக் கடவுச்சொற்கள் அப்படியே வாசிக்கும் நிலையில் அங்கே கிடந்தன. பிள்ளையைக் காக்கப் போட்ட வேலிதான் பிள்ளையின் சாவியைத் தெருவில் போட்டது. உறையைப் பிரித்துப் படிக்கும் கருவிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். 2015ஆம் ஆண்டில் லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருள் இருந்தது தெரியவந்தது. விளம்பரம் காட்டுவதற்காக அது பாதுகாப்பான இணைப்புகளின் நடுவே புகுந்து உறையைப் பிரித்தது. அதற்காகச் செய்த போலிச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே! யாரோ ஒருவர் அந்தச் சாவியை உடைத்து எடுத்ததும், அந்தக் கணினிகளில் வங்கிக் கணக்குப் பார்த்த அத்தனை பேரும் ஆபத்துக்குள்ளானார்கள். வீட்டில் மறையாக்கத்தை உடைத்துப் பார்க்கச் சொல்லும் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள் என்பேன்.

பிள்ளைகளுக்கு வருகிறேன். வீட்டு வைஃபையில் எதைத் தடுத்தாலும், கைத்தொலைபேசியின் சிம் அட்டை வழியாகப் போனால் ரவுட்டருக்கு ஒன்றுமே தெரியாது. இது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தரவு முடிந்துபோனால் என்ன செய்வான்? இலவச விபிஎன் ஒன்றை இறக்குவான். பள்ளிக்கூடத்து நண்பன் பெயர் சொல்லியிருப்பான். ரவுட்டரில் அப்பா போட்ட தடை அத்தனையும் ஒரே பொத்தானில் போய்விடும். இப்போது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேனே, அந்த 19 மில்லியன் முகவரிகளைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அவை களவாணியின் கைக்குப் போனது இப்படிப்பட்ட இலவச விபிஎன்கள் வழியாகத்தான். கடுமையாகத் தடுத்த வீட்டில்தான் பிள்ளை அதைத் தேடிப் போகிறது. தடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆபாசத் தளங்களையும் சூதாட்டத் தளங்களையும் வீட்டளவில் தடுப்பது சரியே. ஆனால் எதைத் தடுத்திருக்கிறோம், ஏன், எது தேவைப்பட்டால் எங்களிடம் வந்து கேள் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களில் பள்ளிக்கூடமே நிர்வாகச் செயலி ஒன்றைப் போட்டிருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பின் அது எப்படி இயங்க வேண்டும் என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். பல பெற்றோருக்கு இது தெரியவில்லை. பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நண்பரின் கட்சிக்கும் ஒரு வார்த்தை. கண்காணிப்பே அத்துமீறல் என்றார். கருவிகளைக் கணக்கெடுப்பதும், எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று பார்ப்பதும் அத்துமீறலா? தண்ணீர்க் கட்டணம் திடீரென்று ஏறினால் எந்தக் குழாய் கசிகிறது என்று பார்க்கமாட்டோமா? யார் எத்தனை முறை குளித்தார் என்று எழுதி வைப்பதுதான் தவறு. என் வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: கருவிப் பட்டியலும் அளவும் எல்லாரும் பார்க்கலாம், பிள்ளைகள் உட்பட. தளங்களின் பெயர்ப் பட்டியலை நாங்கள் சேமிப்பதில்லை. அந்தப் பதிவு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏதாவது கருவி சந்தேகம் தந்தால் மட்டும், அந்தக் கருவிக்கு மட்டும், எல்லாரிடமும் சொல்லிவிட்டுச் சில நாள் போடுவோம். பணிப்பெண்ணுக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் தனி இணைப்பு. அவர்கள் போக்குவரத்தை நாங்கள் பார்ப்பதில்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்.

நெறியாளர் அவர்கள் மணியடிக்கும் முன், அரங்கிலிருந்து சீட்டில் எழுதி வந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். "பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டோம், இப்போது என்ன செய்வது?" என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

முதலில் அதன் பெயரைப் பாருங்கள். கூகல் சான்றளித்த கருவியா என்று அமைப்புகளில் காட்டும். பெயரே கேள்விப்படாத நிறுவனம், பாதுகாப்புச் சோதனையை அணைத்துவிட்டுத் தொடருங்கள் என்று கேட்ட பெட்டி, கடைக்காரர் தந்த தனிக் கடையிலிருந்து செயலி இறக்கச் சொன்ன பெட்டி என்றால் சந்தேகப்படலாம். எஃப்பிஐ சொன்ன அடையாளங்களில் இவையும் உண்டு, காரணம் புரியாத இணையப் போக்குவரத்தும் உண்டு. ஒரு வாரம் ரவுட்டரில் அதன் அளவைப் பாருங்கள், குறிப்பாக இரவில். சந்தேகம் உறுதியானால் பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தொழிற்சாலையிலேயே அடித்தளத்தில் போட்டது அதனால் போகாது. மின்செருகியைக் கழற்றுங்கள். அந்தப் பெட்டியில் எந்தக் கூகல் கணக்கைப் போட்டிருந்தீர்களோ அதன் கடவுச்சொல்லை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பெட்டியைக் கடைத்தொகுதிகளில் வைத்திருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். நன்றாகத்தானே ஓடுகிறது என்று ஜோகூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடாதீர்கள், அம்மா.